பாடம் நடத்துவதை ஆசிரியரிடமே விட்டுவிடுங்கள்

கேள்வி: எங்களுக்கு அடிக்கடி பணியிட மாற்றம் வருவதால், இந்த ஆண்டு பிள்ளைகள் இருவரையும் இணையவழிப் பள்ளியில் சேர்த்துவிட்டோம். மகளுக்கு வயது 13, எட்டாம் வகுப்பு. மகனுக்கு வயது 8, மூன்றாம் வகுப்பு. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் நேரலை வகுப்பு நடக்கிறது. மீதியை வீட்டில்தான் படிக்க வேண்டும். கணவர் அலுவலகம் சென்றுவிடுவார். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். பள்ளியைப் போலவே காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை கால அட்டவணை எழுதி ஒட்டினேன். இரண்டு வாரம்கூட அது நிலைக்கவில்லை. மகன் பத்து நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் உட்காருவதில்லை. கணக்குப் பாடம் என்றால் தினமும் அழுகையில்தான் முடிகிறது. எனக்கும் சிறுவயதிலிருந்தே கணக்கு வராது. மகள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வகுப்பில் கேமராவை அணைத்துவிடுகிறாள். கேட்டால் "எல்லாம் படித்துவிட்டேன்" என்கிறாள். தேர்வில் மதிப்பெண் குறைந்துகொண்டே போகிறது. நான் ஆசிரியை அல்லவே, என்னால் எப்படி முடியும்? பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

"நான் ஆசிரியை அல்லவே" என்று நீங்கள் ஒரு குறையைப் போல எழுதியிருக்கும் வரியிலிருந்தே தொடங்குகிறேன். அது குறையே இல்லை. உங்கள் வீட்டில் இப்போது நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி, தாயாக இருக்கும் நீங்கள் ஆசிரியையாகவும் இருந்துவிட முயல்வதால் வருபவை என்றே எனக்குத் தோன்றுகிறது. பாடத்தை விளக்குவதற்குப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் வேறு சில உள்ளன: படிக்க உட்காரும் நேரத்தைக் காப்பது, படித்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்பது, பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்பதைக் கண்டு ஆசிரியருக்குத் தெரிவிப்பது. இவற்றைச் செய்ய நீங்கள் எந்தப் பாடத்திலும் தேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை.

முதலில் அந்தக் கால அட்டவணையைக் கழற்றிவிடுங்கள். அது நிலைக்காமல் போனது உங்கள் பிள்ளைகளின் சோம்பலாலும் அன்று, உங்கள் கண்டிப்புக் குறைவாலும் அன்று. பள்ளியின் ஏழு மணி நேரம் என்பது, ஓர் ஆசிரியர் பல பிள்ளைகளை ஒருசேர நடத்திச் செல்வதற்காக வகுக்கப்பட்டது; வருகைப் பதிவு, ஒரு பாடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைவெளி, மற்றவர்கள் எழுதி முடிக்கும் வரை காத்திருப்பது, இடைவேளை, விளையாட்டு எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஏழு மணி நேரம். அதற்குள் ஒரு தனிப் பிள்ளை தன் மூளையைச் செலுத்தி உழைக்கும் நேரம் மிகவும் குறைவு. வீட்டில் அந்தக் காத்திருப்புகள் எதுவும் இல்லை. ஆகவே நேரலை வகுப்புகள் போக, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு ஒரு மணி நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாகவும், மகளுக்கு இரண்டு மணி நேரத்தை அவளே பிரித்துக்கொள்ளும் விதமாகவும் ஒதுக்கினால் பெரும்பாலான நாள்களுக்கு அது போதும் என்பது என் கருத்து. மணி பார்த்து நடத்தும் அட்டவணையைவிட, ஒவ்வொரு நாளும் மாறாத வரிசை ஒன்று இருப்பது பிள்ளைகளுக்கு அதிகம் உதவும். காலை உணவுக்குப் பின் வகுப்பு, வகுப்பு முடிந்ததும் வெளியே விளையாட்டு, விளையாடி வந்ததும் கணக்கு என்று வரிசை பழகிவிட்டால், "உட்கார், உட்கார்" என்று நீங்கள் சொல்ல வேண்டிய தடவைகள் தாமாகவே குறையும்.

அடுத்து, மகனின் கணக்கு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். கணக்கைக் கண்டு அஞ்சும் பெற்றோரைப் பற்றி அமெரிக்காவில் ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஒரு கல்வியாண்டு முழுவதும் அதில் கவனித்தார்கள். கணக்கில் அச்சம் மிகுந்த பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகவே கற்றிருந்தார்கள். அவர்களுக்கும் கணக்கின் மீது அச்சம் கூடியிருந்தது. அதே அச்சம் உள்ள பெற்றோர் அவ்வளவாக உதவாத வீடுகளில் இந்தப் பாதிப்பு காணப்படவில்லை. இதைச் சொல்வது உங்களைக் குற்றம் சாட்டுவதற்காக இல்லை. நெஞ்சு படபடக்க, பொறுமை இழந்து, தனக்கே உறுதியில்லாத ஒரு வழியை விளக்கும்போது, பிள்ளை கணக்கைவிட அந்தப் படபடப்பையே அதிகம் கற்றுக்கொள்கிறது. ஆகவே அந்தச் சுமையை நீங்கள் இறக்கிவைப்பது உங்கள் இருவருக்குமே நல்லது. "எனக்கும் கணக்கு வராது" என்ற சொல்லை இனி அவன் காதுபடச் சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியானால் அவன் தவறாகப் போடும்போது என்ன செய்வது? "எப்படிப் போட்டாய் என்று எனக்குச் சொல்லு, கண்ணா" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும். ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். இந்த வயதில் பல பிள்ளைகள் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று நாம் அதட்டிவிடுவோம். அவர்களைச் சொல்லச் சொன்னால்தான் தெரியும், "ஏழிலிருந்து இரண்டைக் கழித்தால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டைக் கழித்தால் மூன்று" என்று, எங்கும் பெரிய எண்ணிலிருந்தே சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்ற ஒரு விதியை அவர்களாகவே உருவாக்கி, அதைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறார்கள் என்று. இது கவனக்குறைவு இல்லை. கடன் வாங்கிக் கழிப்பதன் பொருள் இன்னும் பிடிபடவில்லை என்பதன் அடையாளம். இதே வகைக் கணக்கை இன்னும் இருபது கொடுத்தால் இருபதும் தவறாகத்தான் வரும். மாறாக, பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டிய ஐந்து கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் அவன் முன் வைத்து, "இதிலிருந்து 27-ஐ எடுத்துக் கொடு" என்று சொல்லிப் பாருங்கள். உதிரிக் குச்சிகள் போதாமல், ஒரு கட்டை அவனே அவிழ்ப்பான். அந்தக் கணத்தில் அவனுக்குக் கிடைக்கும் தெளிவை எந்த விளக்கத்தாலும் தந்துவிட முடியாது. கையால் தொட்டுச் செய்வது, பிறகு படமாக வரைவது, அதன் பிறகே எண்ணாக எழுதுவது என்ற இந்தப் படிவரிசையை உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களிலேயே எடுத்துரைத்தார். இன்றும் தொடக்க வகுப்புகளில் கணக்கு கற்பிப்பதற்கு அதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை.

அப்படியும் பிடிபடவில்லையென்றால், ஐந்து நிமிடத்துக்கு மேல் போராட வேண்டாம். ஒரு குறிப்பேட்டைச் சந்தேகங்களுக்கென்றே ஒதுக்குங்கள். தடுக்கி நின்ற கணக்கை அதில் அவனே எழுதட்டும். மறுநாள் வகுப்பில் ஆசிரியரிடம் அவனே கேட்கட்டும். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற துணிவு எட்டு வயதில் வந்துவிட்டால், அதன் பலன் கணக்கோடு நின்றுவிடாது.

பத்து நிமிடத்துக்கு மேல் அவன் உட்காருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து நிமிடம் உண்மையிலேயே உட்காருகிறான் என்றால், அங்கிருந்தே தொடங்கலாம். பத்து நிமிடம் ஒரே வேலை; பிறகு ஐந்து நிமிடம் ஓடியாடுவது, தண்ணீர் குடிப்பது, செடிக்கு நீர் ஊற்றுவது. அந்த இடைவேளையில் கைப்பேசியைக் கொடுத்துவிடாதீர்கள். அதிலிருந்து பாடத்துக்குத் திரும்புவது பெரியவர்களுக்கே கடினம். சில வாரங்களில் பத்து நிமிடத்தைப் பன்னிரண்டாகவும் பதினைந்தாகவும் நீட்டலாம். இன்னொன்றும் கவனியுங்கள். நம் மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய புதுச் செய்திகள் மிகச் சில. பெரியவர்களுக்கே அவை நான்கைச் சுற்றித்தான் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள், சிறு பிள்ளைகளுக்கு அதனினும் குறைவு. "புத்தகத்தை எடு, 42-ஆம் பக்கத்தைத் திற, மூன்றாவது கணக்கை நோட்டில் எழுது, தேதியைப் போட மறந்துவிடாதே" என்று ஒரே மூச்சில் சொன்னால், அவன் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவான். அதைக் கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றைச் சொல்லி, அது முடிந்ததும் அடுத்ததைச் சொல்லுங்கள். அல்லது மூன்று வரிகளாக ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள்.

மகளைப் பற்றி இப்போது. "எல்லாம் படித்துவிட்டேன்" என்று அவள் சொல்வதைப் பொய் என்று நீங்கள் கருதுவதாகக் கடிதத்தின் தொனியிலிருந்து உணர்கிறேன். அவள் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறாள். ஒரு பாடத்தை இரண்டு, மூன்று முறை வாசித்துவிட்டால், ஒவ்வொரு வரியும் பழகிய முகமாகத் தெரியத் தொடங்கும். அந்தப் பழக்கத்தையே நாம் அறிவு என்று எடுத்துக்கொள்கிறோம். புத்தகத்தை மூடிய பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்பது வேறு கேள்வி. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரே பகுதியைச் சில மாணவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை வாசித்தபின் மறுவாசிப்புக்குப் பதிலாக நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ நிலை தலைகீழாகிவிட்டது. நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் மிகவும் முந்தியிருந்தார்கள். உங்கள் மகளின் நிலையும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். படித்து முடித்த அன்றைக்கு அவளுக்கு எல்லாம் தெரிந்ததாகவே தோன்றுகிறது. தேர்வு நாளில் கைவிட்டுப் போகிறது. உழைத்தும் மதிப்பெண் வராதபோது, வீட்டில் நம்பவும் மாட்டேன் என்கிறார்கள் என்றால், கதவைச் சாத்திக்கொள்வதைத் தவிர அந்த வயதில் வேறென்ன தோன்றும்?

ஆகவே அவள் படிக்கும் நேரத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். படிக்கும் விதத்தை மாற்றச் சொல்லுங்கள். ஒரு பகுதியை வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் நினைவில் உள்ளதையெல்லாம் எழுதட்டும்; பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர்க்கட்டும். தொடக்கத்தில் தாள் பாதிகூட நிரம்பாது. அவளுக்கு எரிச்சலாகவும் இருக்கும். திணறி நினைவுகூரும் அந்த முயற்சியே பாடத்தை மனத்தில் ஊன்றுகிறது என்பதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "எனக்கு மூளையே இல்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுவாள். அதே பகுதியை மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை இதேபோல எழுதிப் பார்க்கட்டும். மறதி முதல் சில மணி நேரங்களில் மிக வேகமாகவும், பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தம்மைத்தாமே சோதித்து நூலாக எழுதினார். தேர்வுக்கு முந்தின இரவில் மூன்று மணி நேரம் படிப்பதைவிட, அதே மூன்று மணி நேரத்தைப் பல நாள்களில் பரப்பிப் படிப்பது நெடுநாள் நிற்கும் என்பதும் அதன் பின் பலமுறை உறுதியாகியிருக்கிறது.

இங்கேதான் உங்கள் பங்கும், உங்கள் கணவரின் பங்கும் வருகின்றன. கடிதத்தில் அவர் அலுவலகம் செல்பவராக மட்டுமே தோன்றுகிறார். மாலையில் அவர் வீடு திரும்பியதும், பிள்ளைகள் இருவரும் அன்றைக்குப் படித்ததில் ஒன்றை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். அவர் திருத்த வேண்டாம், சோதிக்க வேண்டாம், "அது ஏன் அப்படி?" என்று உண்மையான ஆவலோடு ஒன்றிரண்டு கேள்வி கேட்டால் போதும். ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கிறது என்று தெரியாத அப்பாவுக்கு விளக்கும் பெண், அதை அன்றிரவு மறக்க மாட்டாள். மகனுக்கு அவர் தூங்கும் முன் ஒரு கதையைத் தாய்மொழியில் உரக்க வாசிக்கலாம்; ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் மகன் என்று மாற்றி மாற்றி வாசித்தால் இன்னும் நல்லது.

பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குத் தன் நாளைத் தானே நடத்தும் உரிமை கொஞ்சமேனும் வேண்டும். வாரத்தின் தொடக்கத்தில் அவளோடு இருபது நிமிடம் உட்கார்ந்து, அந்த வாரம் எந்தெந்தப் பாடம், எந்த நாளில், எந்த நேரத்தில் என்பதை அவளையே எழுதச் சொல்லுங்கள். தூக்க நேரம், இரவில் கைப்பேசி படுக்கையறைக்கு வெளியே இருப்பது, வகுப்பைத் தவறவிடாமை ஆகிய மூன்றை மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்காமல் வையுங்கள். மற்றதில் அவள் முடிவே முடிவாகட்டும். வாரக் கடைசியில் அந்தத் தாளை மீண்டும் எடுத்து, எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று பேசுங்கள். நடுவில் தினமும் போய்ச் சோதிப்பதைக் கைவிடுங்கள். முதல் இரண்டு வாரங்களில் திட்டம் சரியாக நடக்காது. அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். தன் திட்டம் எங்கே பொய்த்தது என்பதைத் தானே காண்பதன் மூலம்தான் அவள் திட்டமிடக் கற்றுக்கொள்வாள்.

கேமராவை அணைப்பது இந்த வயதில் பல பிள்ளைகள் செய்வது. மணிக்கணக்கில் தன் முகத்தைத் தானே திரையில் பார்த்துக்கொண்டிருப்பது பெரியவர்களையே களைப்படையச் செய்கிறது. தோற்றத்தைப் பற்றிய கூச்சம் உச்சத்தில் இருக்கும் பருவத்தில் அது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். தன் படம் தனக்குத் தெரியாதபடி மறைத்துக்கொள்ளும் வசதி பெரும்பாலான செயலிகளில் உண்டு. அதை முதலில் செய்து பார்க்கட்டும். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. அடிக்கடி ஊர் மாறி, இப்போது பள்ளியும் திரைக்குள் போய்விட்டதால், அவளுக்குத் தோழிகள் இருக்கிறார்களா என்பதை உங்கள் கடிதத்திலிருந்து அறிய முடியவில்லை. வாரத்தில் இரண்டு நாள் வகுப்புத் தோழி ஒருத்தியோடு அழைப்பில் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பாடத்தைச் சொல்லிப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். பாதி நேரம் அரட்டையில் போகும், போகட்டும். அதோடு நேரில் மனிதர்களைச் சந்திக்கும் ஒரு வகுப்போ விளையாட்டோ வாரத்தில் ஒருமுறையாவது அவளுக்கு இருக்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்தியே சொல்வேன்.

உடல் நலம் பற்றிச் சுருக்கமாக. 6 முதல் 12 வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. திரை முன் இருக்கையில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 விநாடி பார்ப்பது கண் களைப்பைக் குறைக்கும். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு என்பதால், மகனின் விளையாட்டு நேரத்தைப் பாடத்துக்காக ஒருபோதும் வெட்டாதீர்கள்.

நீங்கள் வேலை பார்க்கும் நேரத்தில் குறுக்கிடலாமா கூடாதா என்பது பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். மேசையில் ஒரு சிவப்பு அட்டை இருந்தால் அவசரத்துக்கு மட்டும் அழைக்க வேண்டும் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். அட்டையை எடுத்துவிட்ட அரை மணி நேரத்தில் மடிக்கணினியை மூடிவிட்டு முழுதாக அவர்களுக்கு இருங்கள். நாள் முழுதும் பாதிக் கவனத்தோடு பக்கத்தில் இருப்பதைவிட, முழுக் கவனத்தோடு இருக்கும் அரை மணி நேரம் பிள்ளைகளை அதிகம் அமைதிப்படுத்தும்.

பின்தங்கிவிடுவார்களோ என்ற அச்சத்துக்கு வருகிறேன். பெருந்தொற்றால் 2020-ல் பள்ளிகள் மூடப்பட்டபோது உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள்; பாடங்கள் திரை வழியே போய்ச் சேர்ந்த வீடுகளிலும் கற்றல் அதே அளவுக்குப் போய்ச் சேரவில்லை என்பதை அப்போது கண்டோம். ஆகவே எத்தனை அலகுகள் முடிந்தன என்பதை வைத்து அளக்காதீர்கள். மகன் தன் வகுப்புப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசித்து, அதில் என்ன இருந்தது என்று தன் சொற்களில் சொல்கிறானா, கூட்டல் கழித்தலின் பொருள் புரிந்து செய்கிறானா என்று பாருங்கள். இவை இரண்டும் உறுதியாக இருந்தால், சில அலகுகள் தாமதமாவதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். இவை ஆட்டம் கண்டால், மற்றப் பாடங்களைச் சிறிது காலம் குறைத்தாவது இவற்றுக்கு நேரம் கொடுங்கள்.

இவ்வளவும் செய்து ஆறு, ஏழு வாரங்களுக்குப் பின்னும் மகன் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறினால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை சரியாக இருந்தால் கற்றல் குறைபாடுகளை மதிப்பிடும் நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். மகள் இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் குறைந்து, முன்பு விரும்பிச் செய்தவற்றிலும் நாட்டமின்றி இருந்தால், படிப்புப் பேச்சை நிறுத்திவிட்டு மனநல ஆலோசகரைப் பாருங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். இருவருடைய வகுப்பாசிரியர்களுக்கும் தனித்தனியே எழுதுங்கள். "என் பிள்ளை சரியாகப் படிப்பதில்லை" என்று பொதுவாக எழுதினால், பொதுவான பதிலே வரும். மகனின் ஆசிரியருக்கு, கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் எங்கே தடுக்குகிறான் என்பதை அவன் போட்ட கணக்கின் படத்தோடு எழுதி, வாரத்தில் ஒருநாள் பத்து நிமிடம் அவனுக்குத் தனியே ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். மகளின் ஆசிரியருக்கு எழுதும் முன், என்ன எழுதப் போகிறீர்கள் என்பதை அவளிடம் காட்டுங்கள். அவள் வேண்டாம் என்று சொல்லும் வரியை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.